பதினொன்றாம் எண் சட்டை

ஜூன் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

போன் அடித்து அடித்து ஓய்ந்திருப்பாய். எடுக்க மாட்டேன். எடுத்தால் வாய்க்கு வந்ததைப் பேசிவிடுவேன், அப்புறம் அண்ணியிடம் போய் என் தங்கைக்கு வாய் நீளம் என்பாய். கடிதம் என்றால் நின்று நிதானமாகத் திட்டலாம்.

தேர்வு அன்று வேலியோரம் நானும் நின்றிருந்தேன். நீ தவளைக்குட்டி என்று கூப்பிடும் என் மகள் எழும்பி அடித்த பந்துகளைத் திருப்பி எடுக்க எதிரே ஆளில்லை. உன் உதவியாளரே கைதட்டினார். வாலிபால் தெரியாத நானே பார்த்தேன், பயிற்சியாளரான உனக்கா தெரியவில்லை? அணியில் பன்னிரண்டு பேர், அவள் வெளியே, ரிசர்வ். பந்தை வலையிலேயே அடித்துக்கொண்டிருந்த பெண் உள்ளே. எனக்கு ஒரு காரணம் வேண்டும். மழுப்பாமல் சொல்.

உன் தங்கை


ஜூன் 5

என் அன்புத் தங்கச்சிக்கு,

மழுப்பவில்லை. நம் பிள்ளைதான் நன்றாக ஆடினாள். தெரிந்தேதான் அவளை வெளியே வைத்தேன்.

அந்தப் பெண்ணின் அம்மா போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. வீட்டில் யாரோடும் பேசுவதில்லையாம், சாப்பாட்டுத் தட்டைக்கூட அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறாளாம். மைதானத்தில் மட்டும்தான் வாய் திறக்கிறாள். அந்தக் கதவையும் நானே சாத்த எனக்கு மனசு வரவில்லை. நம் பிள்ளை தாங்கிக்கொள்வாள். அவளுக்கு நீ இருக்கிறாய்.

கோபம் ஆறியதும் வந்து என்னை நாலு சாத்து சாத்து, வாங்கிக்கொள்கிறேன். வழக்கம்போல் அணிக்கான சட்டைகளை நீதான் தைக்க வேண்டும். துணியைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பிள்ளைகள் உன் தையல் கடைக்கே வந்து அளவு கொடுப்பார்கள்.

அண்ணன்


ஜூன் 14

மதிப்பிற்குரிய பயிற்சியாளர் அவர்களுக்கு,

இரக்கப்பட வேண்டுமென்றால் உன் கையிலிருப்பதை எடுத்துக் கொடு. என் பிள்ளையின் தட்டிலிருந்து அள்ளிக் கொடுத்துவிட்டு உனக்கு நீயே நல்லவன் பட்டம் கட்டிக்கொள்கிறாயே, வெட்கமாக இல்லை? நான் இருக்கிறேன் என்பதற்காகத் தோற்க வேண்டும் என்றால், நான் செத்திருந்தால் அவளுக்கு இடம் கிடைத்திருக்குமா? ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிறாள். காலையில் கேட்டால் சளியாம்.

சட்டைகள் தயார். நீ இரக்கப்பட்டுச் சேர்த்த பதினொன்றாம் எண்காரியும் வந்து அளவு கொடுத்தாள். நம் பிள்ளையின் உடம்புவாகுதான் அவளுக்கும். கையைத் தூக்கச் சொன்னேன், சிலை மாதிரி நின்றாள். அளவு நாடாவின் மறுமுனையை உன் மருமகளையே பிடிக்கச் சொன்னேன். தன் இடம் யாருக்குப் போனது என்று கிட்டத்தில் பார்க்கட்டும்.

நீ வாங்கிய துணி மலிவுச் சரக்கு. விறைப்பாக இருக்கிறது, இழுத்தால் கொஞ்சமும் நீளாது. அதுவும் எனக்கு நல்லதாகப் போயிற்று. பதினொன்றாம் எண்ணைத் தனியாக உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துத் தைத்திருக்கிறேன். உன் செல்லப்பெண் போட்டுக்கொண்டு ஆடட்டும், கண்குளிரப் பார்.

தையல்காரி


ஜூன் 21

தங்கச்சிக்கு,

பார்த்தேன்.

முதல் ஆட்டத்தில் அவள் கை தோளுக்கு மேல் போகவில்லை. பயம் போலிருக்கிறது என்று நினைத்து, "கையத் தூக்கு, கையத் தூக்கு" என்று நான்தான் வெளியிலிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். மூன்று செட்டும் இழுத்து இழுத்து அடித்தாள். முடிந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தசைப்பிடிப்பு, மூன்று வாரம் பந்தைத் தொடக் கூடாது என்கிறார் டாக்டர்.

"சட்டை இறுக்கிப் பிடிக்குதுன்னு ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"நான்தான் குண்டாயிட்டேன்னு நினைச்சேன் சார். அம்மா இருந்தா பாத்ததுமே சொல்லியிருப்பாங்க."

சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மற்ற எல்லாச் சட்டையிலும் பிரித்து விடுவதற்கு விரலளவு துணி உள்ளே விட்டிருக்கிறாய். இதில் மட்டும் அக்குளைக் குறுக்கித் தைத்து, மிச்சத்தைத் தையலோடு ஒட்ட வெட்டியிருக்கிறாய். யாரும் பிரித்துக்கூடச் சரிசெய்துவிடக் கூடாது என்றுதானே? கை தவறியது என்று மட்டும் சொல்லாதே. உன் கை தவறி நான் பார்த்ததில்லை.

நியாயம் கேட்டாய், வைத்துக்கொள். விதிப்படி அடுத்த இடம் ரிசர்வில் இருப்பவளுக்கு. சனிக்கிழமை இறுதி ஆட்டத்தில் உன் மகள் ஆடுவாள். பதினொன்றாம் எண்ணாகத்தான் பதிவாகியிருக்கிறது, அதை மாற்ற முடியாது. சட்டையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். நீ திருப்பி அனுப்பிய மீதித் துணி என் அலமாரியில் இருக்கிறது. தர மாட்டேன். நீ தைத்ததை உன் பிள்ளையே போட்டு ஆடட்டும். நீயும் கண்குளிரப் பார்.

அண்ணன்


ஜூன் 23

அண்ணா,

நம் பிள்ளை கடைக்கு வந்ததும் வராததுமாகச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். சந்தோஷமாகக் கையைத் தூக்கினாள். பாதியில் நின்றது. மறுபடி தூக்கினாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள். அளவெடுத்தபோது நாடா பிடித்தவள் அவள்தானே, அளவு தவறவில்லை என்று அவளுக்குத் தெரியும், நான் சொல்ல என்ன இருக்கிறது? அப்படியே சட்டையோடு வெளியே போனவள்தான், இன்னும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்றரை மீட்டர் துணி கொடு. உன் காலில் விழுகிறேன். ஒரு மணி நேரத்தில் புதிதாகத் தைத்துவிடுவேன். என்மேல் உள்ள கோபத்தை என் பிள்ளையின் தோளில் இறக்காதே.

ஆமாம், நானும் அதைத்தான் செய்தேன். எழுதும்போதே உறைக்கிறது. நீ சொல்லிக்காட்ட வேண்டாம். உன்மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, அது வேறு கணக்கு. துணியை மட்டும் கொடு.

தங்கை


ஜூன் 25

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் துணியை எடுத்து நம் பிள்ளையிடம் நீட்டினேன். எனக்கும் அதற்குமேல் முறுக்கிக்கொண்டு நிற்க முடியவில்லை. வாங்க மாட்டேன் என்கிறாள்.

"அவ இதப் போட்டுட்டு மூணு செட் ஆடினா இல்ல? நானும் மூணு செட் ஆடுறேன் மாமா."

"வலிச்சா வெளிய கூப்பிட்டுருவேன்" என்றேன்.

"நீங்க கூப்பிட்டா நான் வர மாட்டேன். பாவம் பாக்குறதெல்லாம் போதும் மாமா."

என்னையும் விட்டுவைக்கவில்லை, பார்த்தாயா?

சனிக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம். நீ கட்டாயம் வர வேண்டுமாம். முன் வரிசையில் உனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாள், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில்.

அண்ணன்