அன்றைக்குப் பீலித் தண்ணீர் சுட்டதா?

மஸ்கெலியா, கீழ்ப்பிரிவு லயம்
மாசி 18

அன்பு மகன் சுமனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் தங்கச்சி ஷாமிலாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மலேசியாவில் நீயும் அப்படியே இருக்க மாரியம்மா துணை. அம்மாவின் பதினாறு முடிந்தது, நீ வர முடியாமல் போனதுதான் குறை. போனில் பேசினால் ஷாமிலா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம்.

மூடிக்கிடந்த நம்ம கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோரில் ஏஐ கம்ப்யூட்டர்களை வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேனே, நீ அங்கே வேலை பார்ப்பதும் இதே மாதிரி மிஷினில்தானே. உள்ளே ஆளே கிடையாது, வாசலில் ஒரு வாட்சர் மட்டும். ஆனால் ராப்பகலாக யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுகிற சத்தம், நாய்கூட அந்தப் பக்கம் போவதில்லை. மேல் ஊற்றுத் தண்ணீர் மொத்தமும் குழாயில் அதற்குள் போகிறது, அது குடித்த மிச்சம்தான் கான் வாய்க்காலில் இறங்கி நாம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு வருகிறது. இந்தக் குளிரிலும் ஆவி பறக்கும். விறகில்லாமல் குளிக்கலாம் என்று முதலில் சந்தோஷப்பட்டவனே நான்தான், புத்தி கெட்டவன்.

அம்மா விடியற்காலையில் போனாள். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தபோது அவள் கை ஐஸாக இருந்தது. பகலில் நீர்மாலைக்குப் போன பெண்கள் பீலியில் குடம் பிடித்து வந்து குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போடக் குனிந்தேன், கன்னம் சூடாக இருந்தது. பொய்யில்லை மகன். பொறுங்கடா, உசுரு இருக்குடா என்று கட்டிக்கொண்டேன். உன் அத்தை மகன் யோகேஸ்வரன் என் கையைப் பிரித்து, அது பீலித் தண்ணி சூடு மாமா, நேரமாகுது என்றான். எல்லாரும் அதையே சொன்னார்கள், நானும் விட்டுவிட்டேன். மண்ணும் போட்டேன்.

நேற்று அந்த வாட்சர் பையனோடு பேசிக்கொண்டிருந்தேன். அம்மா போன அன்றைக்கு முழுக்க ரிப்பேர், காலையிலிருந்தே மிஷின் நின்றிருந்தது என்று சிங்களத்தில் சொன்னான். அப்படியென்றால் குடத்தில் வந்தது பச்சைத் தண்ணீரா? குடம் சுமந்த அம்மாக்கண்ணுவிடம் ஓடினேன், அழுகையில ஒண்ணும் தெரியலண்ணே என்கிறாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஷாமிலாவிடம் எப்படிச் சொல்வேன்?

வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, அம்மா சாமியாக நின்று உன்னைக் காப்பாள். பதிலை மட்டும் மறந்துவிடாதே. மிஷின் நின்றாலும் தண்ணீர் வெகுநேரம் சூடாகத்தான் இருக்கும் என்று உன் கையால் எழுதி அனுப்பு. அது பொய்யாக இருந்தாலும் எழுது மகன்.

உன் அப்பா
ஆண்டியப்பன்