வெறும் மணல்

சேகிச்சிக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஹேதா கடற்கரைப் படத்தின் அமைதியை எல்லோரும் புகழ்கிறார்கள். ஒரு பைன் மரம், அலையில்லாத நீர், வெறும் மணல். அந்த மணலில் நான் என் மனைவியை வரைந்திருந்தேன். நீ பலகையில் செதுக்கி எடுத்த அச்சில் அவள் இல்லை. என் படங்களைப் ‘பள்ளிக்கூடப் படம்’ என்று எல்லார் முன்னாலும் கேலி செய்தவன் நீ. உன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் மாதிரி அச்சைப் பார்க்க நான் வரவில்லை.

அச்சாகி வந்த படத்தை என் மனைவி தொமியே பார்த்தாள். “கடலுக்கும் மரத்துக்கும் இடம் குடுத்தீங்க. என்னை ஒரு பொட்டாவாவது வெச்சீங்களா?”

“வரைஞ்சேன். சேகிச்சிதான் செதுக்கித் தள்ளிட்டான்.”

“ஆமா, பாவம், அவர் தலையில போடுங்க!” என்று சிரித்தாள். மறுநாள் தாய்வீடு போனவள் இன்னும் திரும்பவில்லை.

வரைந்த தாளைக் காட்டலாமென்றால், அதைக் குப்புறப் பலகையில் ஒட்டி, அதன்மேலேயே உளி ஓட்டுவதுதானே நம் தொழில். தாள் மரத்தூளோடு போயிற்று.

படம் நன்றாக வரட்டும் என்று அவளை எடுத்தாயா? என்மேல் இருந்த இளக்காரத்திலா? இப்போது இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. வரைய நினைத்தேனே தவிர, நான் வரையவே இல்லையோ?

அந்தத் தாளைக் கடைசியாகப் பார்த்தவன் நீ. அதில் அவள் இருந்திருந்தால் தொமியேவுக்கு ஒரு வரி எழுது. இல்லையென்றால் எனக்கு எழுதாதே.

கையெழுத்து இல்லாமலே இதைத் தபாலில் போடுகிறேன். என் கையெழுத்தை இத்தனை காலம் மரத்தில் வெட்டியவனுக்கு, இது யாருடையது என்று தெரியும்.