சூடு வராத டிரையர்

காயாத துணிக்கு ஒரு வாடை உண்டே, நீகூட மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவாயே, இந்த வாரம் முழுக்க வீட்டில் அந்த வாடைதான். சமையலறைக் கொடியில், ஜன்னல் கம்பியில், நாற்காலியின் முதுகில், எங்கே திரும்பினாலும் சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள். எல்லாம் உன் பேத்தியுடையவை. ஆமாம், கயல் தலைப்பிரசவத்துக்கு இங்கேதான் வந்தாள். பெண் குழந்தை. உன் நெற்றி.

இதை எழுத உட்கார்ந்தும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இரண்டு வரி எழுதுவதும், எழுந்து போய்த் துணி உலர்த்தும் டிரையரின் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதுமாக இருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த டிரையர் இந்த வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? மலைமேல் இந்தச் செம்மேட்டுக்கு மாற்றலாகி வந்து நாம் இருவரும் சேர்ந்து வாடகைக்கு இருந்த காலம். நீ ஆஸ்பத்திரியில் நர்ஸ், நான் தாலுக்கா ஆபீஸில் டைப்பிஸ்ட். உன் வீட்டுக்காரர் தவறியபின் கயலை இடுப்பில் தூக்கிக்கொண்டு மலையேறியவள் நீ. அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் ஐப்பசி மழை விடவேயில்லை. ஈரச் சீருடையோடு போய்ப் போய்ப் பிள்ளைக்குச் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. சமவெளிக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி தன் வீட்டு டிரையரை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் நீ போய் வாங்கிவிட்டாய். அன்னாசிப்பழம் ஏற்ற மேலே வந்த வேனில் அது வந்து இறங்கியதும் நான் சிரித்தேன்.

"ஏனுங்க மகாராணி, மலங்காட்டுல இது எதுக்குங்க?"

நீ சிரிக்கவில்லை. "வெயிலு வர்றப்ப வரட்டும் புள்ள. அதுவரைக்கும் என்ற மக ஈரத்துல நிக்கோணுமா?"

அந்த டிரையர் முதல்முறை மக்கர் செய்த சாயங்காலமும் கண்ணில் நிற்கிறது. உருளை சுற்றியது, துணி மட்டும் சில்லென்று வெளியே வந்தது. மெக்கானிக்குக்குச் சொல்லிவிடலாம் என்றேன். "அவன் வர்ற வரைக்கும் கையக் கட்டிட்டு உக்காந்திருப்பியா நீ?" என்று கேட்டுவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதைச் சுவரிலிருந்து நகர்த்தி, டார்ச்சை வாயில் கவ்வியபடி பின்னால் புகுந்தாய். என்ன செய்தாய் என்று நான் கவனிக்கவில்லை. தலையெல்லாம் பஞ்சுத்தூசியோடு நீ எழுந்து வந்ததையும், கயல் உன்னைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்ததையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சேலத்து ஆஸ்பத்திரி. உனக்குக் கால் வீங்கி, முகம் வீங்கி, சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்றார்கள். எத்தனையோ பேருக்கு ஊசி போட்ட கையில் ஊசி குத்த இடம் தேடினார்கள். கயல் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது நீ என் கையைப் பிடித்தாய். "நாளைக்குப் பிரசவம்னு அவ வர்றப்ப ஊடு பூட்டிக் கெடக்கக் கூடாது புள்ள" என்றாய். நான் சரி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ராசிபுரத்துக்குப் போகாமல், என் அண்ணன் எத்தனை முறை கூப்பிட்டும் போகாமல், இந்த வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

அவள் வந்தாள். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்தது. மழையும் கூடவே வந்தது. ஒற்றை ஆளாய் இருக்கையில் நான் அதிகம் தொடாத டிரையரை உற்சாகமாகப் போட்டேன். முதல் நாள் நன்றாக ஓடியது. மறுநாள் சுற்றியது, சூடு வரவில்லை.

சேந்தமங்கலத்து மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "ரோட்டுல மரம் சாஞ்சு மண்ணு சரிஞ்சு கெடக்குதுங்க்கா. பஸ்ஸே மேல வரலீங்க, நான் எப்படிங்க வாரது?" என்றார். குழந்தைக்கு அன்றைக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. நனைந்த துணியை மாற்ற உலர்ந்த துணி இல்லாமல் என் பழைய புடவையைக் கிழித்துக்கொண்டிருந்தேன். கயலுக்குப் பச்சை உடம்பு, தூக்கம் கிடையாது. திடீரென்று வெடித்துவிட்டாள்.

"இங்க வந்திருக்கவே கூடாதுங்க பெரிம்மா. நாமக்கல்லயே அத்தை ஊட்டுல இருந்திருக்கலாம். அம்மா இருந்திருந்தா இப்பிடி வுட்டிருப்பாங்களா?"

கையில் இருந்த புடவையை மடித்து வைத்தேன். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். அப்புறம் போய் டிரையரின் பிளக்கைப் பிடுங்கினேன்.

பஞ்சு சேரும் வலையை இழுத்து உதறினேன். மாட்டிப் போட்டேன், சூடு இல்லை. கரண்ட் குறைவாக இருக்குமோ என்று பிரிட்ஜை அணைத்துவிட்டுப் போட்டேன், இல்லை. பின்னால் இருந்த குழாயைக் கழற்றிக் கையை விட்டுத் துழாவினேன், சுத்தமாக இருந்தது. பிறகுதான் அந்தக் குழாய் சுவரைத் தாண்டி வெளியே எங்கே முடிகிறது என்று யோசித்தேன். குடையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போனேன். போன மாதம் வெளிச்சுவருக்கு வெள்ளையடித்தவர்கள் குழாயின் வாயில் சாக்கைத் திணித்துவிட்டு, எடுக்க மறந்து போயிருந்தார்கள். சூடான காற்று போக வழியில்லாமல் உள்ளேயே புழுங்கியிருக்கிறது. சாக்கைப் பிடுங்கி எறிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! ஓடி வந்து போட்டேன். அப்போதும் சில்லென்றுதான் இருந்தது.

அழுகை வந்துவிட்டது எனக்கு. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். குழந்தை உள்ளே வீறிட்டுக்கொண்டிருந்தது. நீ அன்றைக்கு அத்தனை நேரம் பின்னால் என்னதான் செய்துகொண்டிருந்தாய் என்று உன்மேலேயே கோபம் வந்தது. சொல்லிக் கொடுத்துவிட்டாவது போயிருக்கக்கூடாதா? அந்தக் கோபத்தோடு பிளக்கை மறுபடி பிடுங்கிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் புகுந்தேன். தகட்டின் ஓரத்தில், விரல் நுனி மட்டும் போகிற ஒரு துளைக்குள், சிவப்பாக ஒரு சின்னப் பொத்தான். சூடு எல்லை மீறினால் தானே வெளியே தள்ளிக்கொண்டு சூட்டை நிறுத்திவிடும் பொத்தானாக இருக்க வேண்டும். அழுத்தினேன். டக்கென்றது. வெளியே வந்து பிளக்கைச் செருகி, ஈரத் துணிகளைப் போட்டு ஓடவிட்டேன்.

கயல் வந்து டிரையரின் கதவருகில் நின்றாள். இருவரும் கண்ணாடி வழியே துணிகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சற்றுப் பொறுத்து அவள் கதவைத் தொட்டாள். கையை எடுக்கவேயில்லை.

"சூடாவுதுங்க பெரிம்மா."

"ஆவட்டும் சாமி. நீ போய்ப் படு."

"நான் பேசினத மனசுல வெச்சுக்காதீங்க."

"உங்கம்மா என்னையப் பேசாத பேச்சா?"

அவள் சிரித்துவிட்டாள். குழந்தை பிறந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. வெதுவெதுப்பான துணியைக் குழந்தைக்குச் சுற்றியதும், அது காலை ஒரு நீட்டு நீட்டிவிட்டு அப்படியே தூங்கிப்போயிற்று. கயலும் பக்கத்தில் சுருண்டுகொண்டாள்.

அவர்கள் தூங்குகிறார்கள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நீ இருந்தவரை எல்லாவற்றுக்கும் பதறி எழுவது உன் வேலையாகவும், உட்கார்ந்த இடத்திலிருந்து உன்னைக் கிண்டல் செய்வது என் வேலையாகவும் இருந்தது. கொஞ்ச நேரம் சும்மா உட்காரேன் என்று உன்னிடம் எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்! இப்போது அந்தப் பதற்றத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். நான் கேட்டு வாங்கியதில்லை, இறக்கி வைக்கவும் மனமில்லை. மழைச் சத்தத்துக்கு நடுவே உன் பேத்தியின் சின்ன மூச்சுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.

முனகுகிறாள். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.