விழாமல் உடைந்த பல்

மச்சானுக்கு ஸலாம்.

போனில் கதைத்தால் பாதியில் வெட்டிவிடுவீர்கள். அதனால்தான் கட்டாருக்குத் திரும்பும் றஸ்மி காக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உடைந்த என் பல்லின் வேரைத் துப்புரவாக்கி உறை போட அறுபதாயிரம். அதில் நாற்பத்தெட்டாயிரம் தருவதாகக் காப்புறுதிக்காரர் சொன்ன திகதியும் நேரமும் என் கொப்பியில் இருக்கிறது. பாதி வேலை முடிந்த பிறகு, பன்னிரண்டாயிரம்தான் தருவோம் என்றார்கள். கொப்பியோடு அவர்களுடைய கல்முனைக் கந்தோருக்குப் போனேன்.

“அது சும்மா ஒரு மதிப்பீடு ராத்தா. கிணத்தடியில வழுக்கி விழுந்து உடைஞ்சதெண்டு எழுதித் தாங்க, முழுக்க எடுக்கலாம்” என்றார் அங்கிருந்தவர்.

“நான் விழல்ல தம்பி. பிழைச்சது உங்கட கணக்கு” என்றேன்.

நேற்று நீங்களும் “கையெழுத்த வெச்சிட்டு வா” என்றீர்கள். வைக்க மாட்டேன். தலைமைக் கந்தோருக்கு முறைப்பாடு எழுதி, கொப்பியின் அந்தப் பக்கத்தையும் போட்டோப் பிரதி எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

வலியைப் பற்றிக் கேட்காதீர்கள். நோன்பு வருகிறது, கஞ்சிக்குப் பல் தேவையில்லை. பொய் எழுதிக் கட்டிய பல்லை வாயில் வைத்துக்கொண்டு என்னால் குர்ஆன் ஓத ஏலாது.

உங்கள் பிள்ளைகளின் உம்மா