அண்ணா, ஷீபாவுக்குக் குழாய் போடவில்லை

பிரியமுள்ள அண்ணா,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் ஷீபாவுக்கும் உனக்கிருந்த அதே கணைய நோய்தான். ஆனால் குழாய் போடாமலே கண்டுபிடித்துவிட்டார்கள்.

சில மாதங்களாகவே, சாப்பிட்டதும் தலையணையை மடியில் அணைத்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்துவிடுகிறாள். நீ உட்கார்ந்த அதே மாதிரி. ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கவிடவில்லை அண்ணி. "உங்க அண்ணனும் ஒண்ணும் ஆவாதுன்னுதான் குழாய முழுங்கப் போனாரு. நீ படிச்சவ, உனக்கு இன்னா, சொல்லிட்டுப் போய்டுவ."

அவரைக் குறை சொல்ல முடியுமா? வாய்வழியே குழாய் விட்டு, மருந்து பாய்ச்சி உனக்குப் படம் எடுத்த பிறகு வலி அதிகமாகி வார்டிலேயே கிடந்தாய். அதன்பின் எந்தப் பரிசோதனைக்கும் நீ வரவில்லை. முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையே, லீவுக்கு நடிக்கிறான் என்றார் ஆம்பூரில் நீ தோல் பதனிட்ட ஷாப்பின் மேனேஜர். சர்ச்சில் சிலர் குடிதான் காரணம் என்று முடிவே கட்டினார்கள். நற்கருணைத் திராட்சரசம் தவிர நீ என்ன குடித்தாய்?

எம்.ஆர்.ஐ. போதும் என்று வேலூர் டாக்டரம்மா சொன்னபோது நானும் உடனே நம்பவில்லை. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவளுக்குக் காந்தம் தெரியும். அது கணையத்தில் எதைப் பார்க்கும்? கணைய நாளத்தில் இருக்கும் நீரே படத்தில் வெள்ளையாகத் தெரியும் என்றார். "ஆரம்ப நிலைன்னா சில சமயம் படத்துல தெரியாம தப்பிடும்மா" என்றும் மறைக்காமல் சொன்னார். அதைச் சொன்னதால்தான் நான் சம்மதித்தேன். வாயில் எதையும் விடமாட்டார்கள் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி அண்ணியை அழைத்துப் போனேன்.

மூச்சில் வயிறு அசைந்தால் படம் கலங்கிவிடுமாம். "மூச்ச இழுங்க, பிடிங்க" என்று மைக்கில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் ஷீபாவைப் பார்த்து, "இன்னாம்மா, விடுன்னு சொன்னப்புறமும் பிடிச்சுக்கினு இருக்கற! கெணத்துல முங்கி வெளையாடுவியா?" என்றார்.

"சர்ச் கொயர் சார். வரி முடியறதுக்குள்ள மூச்சு விட்டா எங்கப்பா பின்பெஞ்சுல ஒக்கார வச்சுடுவாரு."

அண்ணி சிரித்துவிட்டார். நீ போன பிறகு உன்னைப் பற்றிய பேச்சுக்கு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

நாளம் கொஞ்சம் விரிந்திருக்கிறது. ஒரு சிறிய கல். "இத்தினியூண்டுக்கா இவ்ளோ வலி?" என்று அண்ணி கேட்டார்.

"படம் கணையத்தத்தான் காட்டும்மா. வலி கம்மியா ஜாஸ்தியான்னு அவளத்தான் கேக்கணும்" என்றார் டாக்டரம்மா.

அண்ணி அவள் பக்கம் திரும்பினார். "இப்ப வலிக்குதா?"

"காலைலேர்ந்து வலிக்குதும்மா."

அந்த வலியோடுதான் மெஷினுக்குள் அசையாமல் கிடந்திருக்கிறாள்.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சாப்பாட்டில் எண்ணெய் கம்மி. உனக்கு வந்தது போலச் சர்க்கரையும் வருமா? இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள். இந்த மெஷின் அன்றே வந்திருந்தால் நீ எங்களை விட்டுப் போயிருப்பாயா? அதுவும் தெரியவில்லை.

அடுத்த வருடம் மறுபடி படம் எடுக்க வேண்டும். நான் கூடப் போவேன். படத்தில் என்ன இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும், அவள் வலிக்கிறது என்றால் வலிக்கிறதுதான். உன்னிடம் கேட்டது போல அவளிடம் யாரும் அத்தாட்சி கேட்க விடமாட்டேன்.

இப்போது உன்னைவிட வயதில் மூத்துவிட்ட
உன் தங்கை,
லில்லி