சட்டைப்பையில் இருந்த செய்தி

அன்பு குபேந்திரா,

இதைப் படிக்க நீ இல்லை என்று தெரிந்தும் உனக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். நீ போய்ப் பதினொரு நாளாகிறது. அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஆனையூர் வீட்டிலிருந்து முக்குக் கடைவரை நடக்கிறேன், திரும்பி வருகிறேன், செருப்பைக் கழற்றாமலே மறுபடி கிளம்புகிறேன். "இப்பத்தானே வந்தீக, மறுபடி எங்க?" என்கிறாள் வீட்டுக்காரி. எங்கே என்று எனக்கே தெரிந்தால்தானே சொல்ல?

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ செத்ததால் அது தீர்ந்துவிடவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால், தெப்பக்குளத்துப் பக்கம் அந்தக் கல்யாண மண்டபத்தில், உன் சம்பந்தி வீட்டு ஆட்களிடம் என்னைப் பற்றி என்ன சொன்னாய்? "இவர் கருப்பையா. வெளிநாட்டுல என் கீழ வேலை பார்த்தவர்." நான் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறினேன்.

பொய் சொன்னாய் என்று சொல்லவில்லை. தூதரகத்தில் நீ இரண்டாம் செயலர். நான் சைபர் அறை உதவியாளன். தில்லியிலிருந்து வரும் ரகசியத் தந்திகளை உடைத்து, படிக்கிற எழுத்தில் எழுதித் தருவது என் வேலை. ஆனால் நம் இருவருக்கும் நடுவில் அந்த மேல் கீழ் மட்டும்தானா இருந்தது?

எந்த நாடு என்று இங்கே எழுத மாட்டேன். சைபர் அறைக்காரன் பழக்கம், சாகிறவரை போகாது. பாதி வருடம் பனி பெய்கிற ஊர், நதி உறைந்து ஆட்கள் அதன்மேல் நடந்து போகிற ஊர். அது போதும். திருவாதவூரில் பத்தாவது முடித்து, பழைய பேப்பரையும் அகராதியையும் வைத்து இங்கிலீஷ் படித்தவன் நான். அந்த ஊர் பாஷையைச் சந்தைக்காரிகளிடம் படித்தேன். உனக்கு அரசாங்கச் செலவில் வாத்தியார். நீ உருளைக்கிழங்கு கேட்டதும் அந்தக் கடைக்கார அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது ஞாபகம் இருக்கிறதா? "என்ன மாப்ள சொல்றா?" என்று என்னைக் குடைந்தாய். "உன் சிநேகிதர் கிழங்கு கேட்கிறாரா, பார்லிமெண்டில் பேசுகிறாரா" என்று கேட்டிருந்தாள். உன்னிடம் அதைச் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டேன்.

ஆபீஸில் நீ எனக்கு 'சார்'. என் வீட்டுப் படி ஏறினால் 'மாப்ள'. தூதரக விருந்துகளில் யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதற்கு ஒரு பதவி வரிசை உண்டு. அந்த வரிசையில் எனக்கு நாற்காலியே கிடையாது. கதவோரம் நின்று விருந்தாளிகளின் கோட்டை வாங்கி மாட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை என் அடுப்படியில் மட்டும் வரிசை தலைகீழாகும். "இங்க நான்தான் தூதர். நீ மூணாம் செயலர். போய் வெங்காயம் உரி" என்பேன். "உத்தரவு எக்ஸலென்சி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே உரிப்பாய். மஹால் பக்கத்து உங்கள் வீட்டில் பேசுகிற சௌராஷ்டிரத்தில் வெங்காயத்தைத் திட்டுவாய். அந்த வசவெல்லாம் எனக்கு இன்றைக்கும் அத்துபடி.

வியாழக்கிழமை தில்லியிலிருந்து தூதரகப் பை வரும். அரக்கு முத்திரை வைத்த கித்தான் பை. அதற்குள்தான் வீட்டுக் கடிதங்களும் இருக்கும். பத்து மணியிலிருந்தே உன் அறை இன்டர்காம் அடிக்கும். "மாப்ள, பை வந்துருச்சா?" ஆபீஸ் நேரத்தில் நீ என்னை மாப்ள என்றது அந்த ஒரு கேள்விக்கு மட்டும்.

இவ்வளவும் இருந்ததால்தான் மண்டபத்தில் நீ சொன்னது தைத்தது. அதற்குப் பிறகு உன் போனை நான் எடுக்கவில்லை. தினமும் காலையில் வாட்ஸப்பில் ஒரு பூப்படம் அனுப்பினாய், காலை வணக்கம் என்று. ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. தானாக ஒரு வார்த்தை எழுதட்டும், அப்போது பார்க்கலாம் என்று வீம்பாக இருந்தேன். அழிக்கவும் இல்லை. ஏன் அழிக்கவில்லை என்று கேட்காதே.

நீ போன அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு விளக்குத்தூண் பக்கம் மருந்து வாங்கப் போனேன். சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கோட்டு போட்டு, நடுவில் நீ. எப்படி உன் வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. தத்தனேரிச் சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பி, வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உன் மகள் ஹேமா ஈரக் கையோடு வந்தாள். நான் வாசலில் நின்றே கத்தினேன், குபேந்திரா.

"ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீக. போஸ்டர் அடிச்சிருக்கீக. எனக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லையா? உங்கப்பன்தான் சொல்ல வேணாம்னானா?"

"மாமா, காலைல ஆறு மணிக்கே அனுப்பினேன். அப்பா போன்லேருந்துதான் எல்லாருக்கும் அனுப்பினேன். உங்களுக்குத்தான் மொதல்ல. ரெண்டு தடவை போனும் போட்டேன் மாமா, நீங்க எடுக்கல."

என் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவளிடமே கொடுத்தேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொன்னேன். மூக்கில்தான் இருந்தது. அவள் திறந்து காட்டினாள். பூக்களுக்கெல்லாம் கீழே, கடைசியாக இரண்டு வரி. "அப்பா தவறிட்டாங்க மாமா. பதினோரு மணிக்கு எடுக்கிறோம்." காலையில் செடிக்குத் தண்ணீர் விடும்போது போன் அடித்தது. உன் பேரைப் பார்த்துக் கவிழ்த்து வைத்தேன். பிறகு பையில் போட்டுக்கொண்டேன். உன் சாவு பத்து மணி நேரம் என் சட்டைப்பையில் இருந்தது. செய்தியைத் திறந்து சொல்வதையே பிழைப்பாக வைத்திருந்தவன் நான்.

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. ஏனென்று உனக்குத் தெரியும். அல்லது தெரியாதா? அதுதான் என்னை நடக்க வைக்கிறது.

அந்தக் குடியரசு தின விருந்தைச் சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்குத் தில்லி வழியாகத் தந்தி வந்தது. நான்தான் உடைத்தேன். மதுரையில் உன் அப்பா இறந்துவிட்டார், ஒரே பிள்ளை வருகிறவரை ஐஸ் வைத்துக் காத்திருப்பார்கள் என்று இருந்தது. பன்னிரண்டு மணிக்கு விமானம். அதை விட்டால் மூன்று நாள் கழித்துத்தான் அடுத்தது. பதினொரு மணிக்கு விருந்து. அந்த நாட்டு மந்திரி வருகிறார், தூதர் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க வேண்டியவன் நீ. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோட்டு வாங்கப் போய் நின்றேன். நடுவில் நீ என்னைத் தாண்டிப் போகும்போது குனிந்து, "என்ன, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? அம்புட்டுக் கோட்டும் கனக்குதா?" என்று சிரித்தாய்.

இரண்டு மணிக்கு, எல்லோரும் போனபிறகு, உன் கையில் கொடுத்தேன். அதில் குறித்திருந்த நேரத்தைப் பார்த்தாய். "ஒம்பது மணிக்கே வந்துருக்கே?" "மேலிடத்து உத்தரவு சார்" என்றேன். நீ ஊர் போய்ச் சேரும்முன் உன் பெரியப்பா மகன் கொள்ளி வைத்துவிட்டார். திரும்பி வந்த பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை இன்டர்காமில், "மாப்ள, பை வந்துருச்சா?" என்றாய். அவ்வளவுதான்.

உத்தரவு எதுவும் இல்லை, குபேந்திரா. நான் யாரையும் கேட்கவே இல்லை. விருந்து கெட்டுப்போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பாதிதான் நிஜம். நீ கிளம்பிவிட்டால் அந்தப் பாஷை தெரிந்த அடுத்த ஆள் நான். தூதர் என்னைத்தான் கூப்பிடுவார். சந்தைக்காரிகளிடம் படித்த பாஷையோடு மந்திரி முன்னால் நின்று, அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டால்? பத்தாவது படித்தவன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால்? அந்த பயத்தில்தான் உன் அப்பாவை உனக்குத் தராமல் விட்டேன்.

இது உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தே அத்தனை ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்தாயா? 'என் கீழ' என்ற அந்த ஒரு சொல்லோடு விட்டாயா? தெரிந்துதான் விட்டாய் என்றால் என்னால் தாங்க முடியாது. தெரியாமலே போய்விட்டாய் என்றால் அதைவிட மோசம். அதற்காக மண்டபத்தில் நீ சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். அது வேறு, இது வேறு.

நேற்று மத்தியானம் உட்கார்ந்து உன் பூக்களையெல்லாம் திறந்தேன். ரோஜா, தாமரை, மறுபடி ரோஜா. யாரோ அனுப்பியதை நீ தள்ளிவிட்டவை. ஒன்றில் மட்டும் படம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு வியாழக்கிழமை. "மாப்ள, பை வந்துருச்சா?" நான் எதிர்பார்த்த அந்த ஒரு வார்த்தையை நீ எழுதித்தான் இருக்கிறாய்.

நாளை மறுநாள் உன் காரியம். விடிந்ததும் முதல் ஆளாக வருவேன். உன் பெரியப்பா மகன் இருப்பார், ஹேமா இருப்பாள், அந்தச் சம்பந்தி வீட்டு ஆட்களும் இருப்பார்கள். எல்லோர் முன்னாலும் இந்த ஒன்பது மணியைச் சொல்வேன். உத்தரவு என்னுடையது என்று சொல்வேன். இது சத்தியம். என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

அதற்கு முன்னால் உனக்குப் பதில் சொல்ல வேண்டும். வந்துருச்சு மாப்ள. பையில இல்ல, தந்தியில. அப்பா தவறிட்டாரு. பன்னெண்டு மணிக்கு விமானம் இருக்கு. கோட்டை மட்டும் எடுத்துக்கிட்டுக் கிளம்பு. மந்திரிகிட்ட நான் பேசிக்கிறேன்.

உன் மாப்ள,
கருப்பையா
ஆனையூர்