அப்பா நடந்த சுவர்

திண்டிவனம்
ஞாயிற்றுக்கிழமை

என் தங்க மகள் மலர்விழிக்கு அம்மா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் இருக்கிறபடிக்கு இருக்கிறோம். நீ மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, டூட்டி முடிந்ததும் படுத்து, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். தினமும் போனில்தான் பேசுகிறோமே, அம்மாவுக்கு என்ன புதிதாகக் கடிதம் எழுதும் ஆசை என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா கட்டிலில் படுத்தபடியே ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறார், இந்த மாடியில் இருப்பதே ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான், நான் எங்கே போய் நின்று பேசுவது சொல். அதனால் அவர் மத்தியானம் கண் அசரும்போது கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வைக்கிறேன். உன்கூட வேலை பார்க்கும் ஆர்த்தி லீவு முடிந்து இந்த வாரம் கிளம்புகிறாள், அவளிடம் வறுத்த மல்லாட்டைக் கடலையும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறேன், இந்தக் கடிதத்தையும் அதோடு வைக்கிறேன். ஊறுகாயை நீயே சாப்பிடு, ரூமில் எல்லோருக்கும் பங்கு போட்டுவிட்டு வெறும் பாட்டிலைக் கழுவாதே.

விழுப்புரத்தில் வீடு பார்த்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அது என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், நானும் ஆகும் ஆகும் என்று மழுப்புகிறேன். நடந்ததை எழுதிவிடுகிறேன், பொறுமையாகப் படி. அந்த வீட்டை இருதயராஜ் மாமாதான் பார்த்துச் சொன்னான். என் தம்பியைப் பற்றி உனக்குத் தெரியாதா, ஆட்டோ ஓட்டும் தெருவெல்லாம் டூலெட் போர்டு பார்த்துக்கொண்டே போவான். கீழ் வீடு, வாசலில் ஒரே ஒரு படி, உட்காரும் கக்கூஸ், அப்பாவுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் இடம் இரண்டு தெரு தள்ளி. வாசலில் நாற்காலி போட்டால் ரோடு தெரியும். மண்டி லோடு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக வண்டி ஓட்டிய மனுஷர், ஸ்ட்ரோக் வந்த நாளிலிருந்து மாடியை விட்டு இறங்கினால் அது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். நம் மாடிப்படி திரும்பும் இடத்தில் நாற்காலி திரும்பாது, உனக்கே தெரியும். கீழே உரக்கடையில் மூட்டை தூக்கும் ஆட்கள் இரண்டு பேர் வந்து அப்பாவை மூட்டை மாதிரித்தான் தூக்கி இறக்குகிறார்கள். இறங்கி முடிக்கும்வரை அப்பா கண்ணைத் திறக்கவே மாட்டார். அதற்காகத்தான் கீழ் வீடு தேடினோம். அந்த விழுப்புரத்து வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னேன். ஊரில் எந்தப் பக்கம் என்று அடுத்தது கேட்பார்கள் என்று நினைத்தேன், கேட்கவே இல்லை. அந்த இரண்டாவது கேள்வியில் எத்தனை வீடு நமக்குக் கை நழுவிப் போயிருக்கிறது. அதனாலேயே அந்த வீட்டின் மேல் எனக்கு அத்தனை ஆசை.

வீட்டைக் காலி செய்கிறோம் என்று நம் ஓனர் பெரியதம்பி அண்ணனிடம் சொன்னபோது, நல்லதும்மா, அவருக்குக் கீழ் வீடுதான் சரி என்றுதான் முதலில் சொன்னார். மறுநாள் வீடு பார்க்க வேண்டும் என்று மேலே வந்தார். நாம் குடிவந்த பிறகு அவர் உள்ளே வந்து பார்த்ததே கிடையாது. கூடத்தின் நடுவில் நின்று சுவரையே பார்த்தார். கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை அப்பா உள்ளங்கையை வைத்துத் தேய்த்துத் தேய்த்து நடந்த இடம் இடுப்பு உயரத்தில் ஒரு கறுப்புப் பட்டையாக ஓடுகிறதே, அதைத்தான் பார்த்தார். தைலம் தடவிய கை, எண்ணெய்க் கை, அது ஒட்டிப்போய் மினுமினுவென்று இருக்கிறது. பிறகு பாத்ரூமில் அப்பா பிடித்து எழுந்திருக்க நாம் டைல்ஸில் டிரில் போட்டு மாட்டிய கம்பியைப் பார்த்தார். வாக்கர் இழுத்து இழுத்துத் தரையில் விழுந்த கீறலைப் பார்த்தார். இன்னாம்மா ஜெயம் இது, நான் வீடு குடுக்கும்போது சொவுரு பாலாட்டம் இருந்துது, நீயே சொல்லு, இப்ப யாராச்சும் இத பாத்தா உள்ள வருவானா, பெயின்ட்டு, டைல்ஸு, தரை எல்லாத்தையும் கழிச்சிக்கினுதான் அட்வான்ஸ் குடுக்க முடியும் என்றார். கழித்தால் மீதி என்ன வரும் என்று கேட்டேன். படியில் இறங்கத் தொடங்கிவிட்டார். ஒன்றும் வராது என்று அர்த்தம். அந்த அட்வான்ஸை வாங்கித்தானே விழுப்புரத்தில் கொடுக்க வேண்டும் பாப்பா, வேறு எங்கே போவேன். என் செயின் பேங்கில் இருக்கிறது, மாமாவுக்கு ஆட்டோ டியூ, நீ அனுப்புவது மருந்துக்கே சரியாகப் போகிறது.

மாமா இதைக் கேட்டுவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு அடுத்த நாளே வந்துவிட்டான். பெரியதம்பி அண்ணனும் லட்சுமியம்மாள் அக்காவும் உரக்கடைக்குப் பின்னால் அந்த ஒற்றை அறையில்தானே இருக்கிறார்கள், அங்கேயே போய் நின்று, குடியிருந்தா அழுக்கு படத்தான்ணா படும், அது தேய்மானம், அதுக்குத்தான மாசாமாசம் வாடகை வாங்கிக்கினு இருக்கீங்க, நாங்க எதையும் ஒடைக்கலியே என்று சத்தம் போட்டான். அவரும் விடவில்லை. குடியிருந்த அழுக்குன்னா அங்கங்க இருக்கும்பா, இது ரோட்டுல கோடு போட்டாப்ல இருக்குதே, டைல்ஸ்ல ஓட்ட தானா வுழுந்துதா, அதுவும் தேய்மானமா என்று கேட்டார். உரம் வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மாமா தெரிந்த வக்கீல் ஒருவரிடமும் கேட்டான். வாழ்ந்ததால் வந்த தேய்மானத்துக்குப் பிடிக்கக் கூடாது, சேதாரத்துக்குத்தான் பிடிக்கலாம், சுவர் உங்கள் பக்கம், ஓட்டையைப் பற்றி அவர் பேசலாம் என்றாராம். ஆனால் நாம் குடிவந்தபோது எழுதிய அக்ரிமென்ட் என்றைக்கோ முடிந்துவிட்டது, அப்புறம் எல்லாமே வாய்ப்பேச்சு, குடிவந்தபோது சுவர் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு போட்டோகூட நம்மிடம் இல்லை. கேஸ் போடலாம், நாளாகும் என்றாராம். நாள் ஆகும் என்றால் அத்தனை நாளும் நாங்கள் எங்கே இருப்போம், இதே மாடியில், அவர் தலைக்கு மேலேயே இருந்துகொண்டு அவர் மேலேயே கேஸ் நடத்த முடியுமா.

அன்று மத்தியானம் எனக்கு என்ன தோன்றியதோ, சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் எடுத்துச் சுவரைத் தேய்த்தேன். அழுக்கு போகும் என்று பார்த்தால் பெயின்டே உரிந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் திட்டாக வந்துவிட்டது. முன்பு அழுக்காவது ஒழுங்காக இருந்தது, இப்போது சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா தூங்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அடுத்த இரண்டு நாளில் புரோக்கர் ஒரு குடும்பத்தை வீடு பார்க்கக் கூட்டி வந்தார். அந்தப் பெண் வாசற்படியிலேயே நின்று சுவரைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள், அவ்வளவுதான், செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்கிப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு பெரியதம்பி அண்ணன் எவ்வளவு ஆகும் என்று கேட்க ஒரு பெயின்டரைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். பெயின்டர் சுவரைத் தட்டிப் பார்த்து, பட்டி பார்க்கணும், இரண்டு கோட்டிங் அடிக்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா கட்டிலை விட்டு எழுந்துவிட்டார். வாக்கரைக் கொண்டு போனேன், வேண்டாம் என்று தள்ளினார். இடது காலை இழுத்து இழுத்துச் சுவரைப் பிடித்தார், அந்தப் பட்டையின் மேலேயே கையை வைத்து, கட்டிலிலிருந்து பாத்ரூம் கதவுவரை நடந்தார். பாதியில் நின்று மூச்சு வாங்கினார், மறுபடி நடந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி, வாய் கோணியபடியே, அண்ணே, இது ஒடச்சது இல்ல, நடந்தது என்றார். அவர் இப்போது பேசுவது எனக்கே பாதி புரியாது, அன்றைக்கு அந்த வார்த்தை அத்தனை பேருக்கும் புரிந்தது. பெரியதம்பி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு பெயின்டரை, வாப்பா, அப்பால பாத்துக்கலாம் என்று இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன் பாப்பா, எத்தனை பைத்தியக்காரி பார்.

மறுநாள் காலையில் குழாயடியில் குடம் வைத்திருந்தேன். லட்சுமியம்மாள் அக்கா பக்கத்தில் வந்து நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சொவுரும் இல்ல ஓட்டையும் இல்லம்மா, உன் அட்வான்ஸு இப்ப எங்ககிட்ட இல்ல என்றார்கள். அவர்கள் மகள் வெண்ணிலாவின் வீட்டுக்காரர் விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் லாரிக்காரர்களை நம்பி ஓட்டல் போட்டாரே, அதில் போட்டார்களாம். ஓட்டல் ஓடவில்லை. மருமவன்கிட்ட கேக்க முடியாது, உன்கிட்ட இல்லன்னு சொல்லவும் அந்த மனுசனுக்கு வாய் வரல, அதான் சொவுத்து மேல பழி போட்டுக்கினு திரியறாரு, ராவெல்லாம் பொரண்டு பொரண்டு படுக்கறாரும்மா என்று அழுதார்கள். அடுத்து வருபவரின் அட்வான்ஸை வாங்கி நமக்குக் கொடுக்கலாம் என்றால், பெயின்ட் அடிக்காமல் ஆள் வர மாட்டான், பெயின்ட் அடிக்கக் கையில் காசு கிடையாது. ஏமாற்றுகிற ஆள் என்றால் தெருவில் நின்று கத்தலாம், ஸ்டேஷனுக்குப் போகலாம். இல்லாதவரின் கழுத்தைப் பிடித்து என்ன செய்வது. அதுவும் ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்காமல் நமக்கு அன்றைக்கு வீடு கொடுத்த மனுஷர். குடம் வழிந்து ஓடியதுகூடத் தெரியாமல் நின்றேன்.

சாயங்காலம் அவரே மேலே வந்தார். உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்தார். சொவுத்துக்கும் பிடிக்கல, டைல்ஸுக்கும் பிடிக்கல, ஒத்த ரூபா கழிக்கல, நீங்க வாடகை குடுக்காத இருந்துகினே அட்வான்ஸ கழிச்சிக்கோங்க, வேற வழி எனக்குத் தெரியலம்மா என்றார். மாமா போனில், ஒத்துக்காதக்கா என்று கத்தினான். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்ய, சரி என்றேன். நியாயம் முழுக்க நம் பக்கம் வந்துவிட்டது, நாங்கள் மட்டும் இதே மாடியில். அட்வான்ஸ் கழிந்து முடிய அடுத்த வருஷம் பாதி ஆகிவிடும். அது முடிந்த பிறகு வேறு வீட்டுக்குக் கொடுக்கக் கையில் அட்வான்ஸே இருக்காது. வாடகை மிச்சமாகும் காசைச் சேர்த்து வை என்று மாமா சொல்கிறான், சேர்ப்பேன், மருந்துக் கடைக்காரன் விட்டால்.

விழுப்புரத்து வீட்டுக்காரம்மாவிடம் நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்று பஸ் ஏறிப் போனேன். அவர்களைத் தப்பு சொல்ல முடியாது, நமக்காக எத்தனை நாள் பூட்டி வைத்திருப்பார்கள். நான் போகும்போதே வேறு ஒரு குடும்பம் சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், உன் வயசுப் பெண். என்னைப் புரோக்கர் என்று நினைத்தாளோ என்னவோ, உள்ளே கூப்பிட்டாள். வெயில் கூடம்வரை வந்து விழுந்திருந்தது. சாமான அடுக்கறதுக்கு முன்னாடி எல்லா சொவுத்தையும் போனுல போட்டோ எடுத்து வெச்சிக்கோம்மா என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். நீயும் உன் ரூமை அப்படி எடுத்து வைத்துக்கொள், காலி செய்யும்போது அங்கேயும் ஏதாவது சொல்வார்கள்.

இதைப் படித்ததும் கடன் வாங்கிப் பணம் அனுப்புகிறேன் என்று கிளம்பிவிடாதே. உன் ஏஜென்ட் கடன் முடியாமல் நீ அங்கே அசைய முடியாது என்று எனக்குத் தெரியும், நீ சொல்லாவிட்டாலும் தெரியும். உன்னையும் ஒரு மாடியில் ஏற்றி உட்கார வைக்க எனக்கு மனசில்லை. பெரியதம்பி அண்ணன் மேல் கோபம் வைக்காதே, லட்சுமியம்மாள் அக்கா இப்போதெல்லாம் கேப்பைக் களி கிண்டினால் அப்பாவுக்கு என்று ஒரு உருண்டை மேலே அனுப்புகிறார்கள், நானும் வாங்கிக்கொள்கிறேன். மாமா மட்டும் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

ஒன்றே ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன். பெயின்டர் வந்து போன அன்றைக்குத்தான் அப்பா கடைசியாகச் சுவரைத் தொட்டது. ஓனரே ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நீங்கள் பிடித்து நடங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கேட்கவில்லை. கையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அந்தரத்தில் நீட்டிக்கொண்டே நடக்கிறார். கால் தள்ளாடினாலும் சுவர்மேல் கை படாமல் இழுத்துக்கொள்கிறார். நான் பின்னாலேயே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு போகிறேன், விழுந்தால் என்னால் தாங்க முடியுமா.

மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாற்ற வேண்டும், நீ நோய் நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், அப்பாவும் நானும் உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள். இனி போன் பேசும்போது வீட்டைப் பற்றிக் கேட்காதே. அப்பாவிடம் போனைக் கொடுக்கிறேன், சுவரைப் பிடித்து நடக்கச் சொல் பாப்பா. நீ சொன்னால் கேட்பார்.

உன் அம்மா
ஜெயம் சகாயராஜ்